பூஜ்யத்துக்குக் கீழே

தபால்காரர் முகாமுக்குள் வரமாட்டார்.
அணைக்கட்டு கேட்டில் வண்டியை நிறுத்தி
மூன்று தரம் ஹாரன் அடிப்பார்.
நான் சாரக் கயிற்றில் தொங்கிக்கொண்டு
நாற்பத்தாறுக்கு இரண்டாவது பூச்சு கொடுத்துக்கொண்டிருந்தேன்.
வருஷத்துக்கொரு தடவை சுவரில் எண்கள் கறுக்க வேண்டும்.
கூலி எழுநூறு, அதில் நூறு மேஸ்திரி மாதப்பனுக்கு.
தண்ணீர் என்னவோ இல்லை.
கீழே வெடித்த சேறு, நாலைந்து ஆடு.

கடிதம் தம்பி மனைவி தவமலருடையது.
அதற்குள் மடித்த இன்னொன்று,
மூன்று மொழியில் தலைப்பு, வாளேந்திய சிங்கம்.
இல்லாமைச் சான்றிதழ் வேண்டுமெனில்
நெருங்கிய உறவினர் ஒருவரின் சத்தியக்கடதாசியை இணைக்கவும்.
ஓரத்தில் அவள் பென்சிலால்:
"செத்துப்போனார் எண்டு எழுதினால் நாளைக்கே தருவினமாம்.
இல்லை எண்டு எழுதத்தான் இவ்வளவு அலைச்சல்.
பதினைஞ்சு வருசமாய் நான் ஒண்டைத்தான் சொல்லுறன்,
ஆக்கள்தான் மாறி மாறி இருந்து கேக்கினம்.
மூண்டாவது ஆணைக்குழு இது.
கதிரையள் நல்ல கதிரையள்."

முதலில் நான் யாரென்று நான் காட்ட வேண்டும்.
முகாம் அட்டையில் யோகேந்திரன்,
பிறப்புப் பதிவில் யோகேஸ்வரன்.
மண்டபத்தில் எழுதிக்கொண்டவர் அவசரத்தில் இருந்தார்.
சென்னைத் தூதரகத்துக்குப் போக தாசில்தார் அனுமதி,
தாசில்தார் தேர்தல் பணியில்.
பாலக்கோட்டில் அவர் நாற்காலிமேல் துண்டு மட்டும் இருந்தது.
தக்காளி லாரிகளின் சத்தத்தில் கிளார்க் சொன்னதில்
"தணிக்கை அன்னிக்கு" என்பது மட்டும் காதில் விழுந்தது.

தணிக்கை அன்றைக்குப் பெயர் வாசிப்பார்கள்.
இருக்கிறேன்.
முப்பத்துநாலு வருஷமாக, மாதம் இரண்டு தரம்,
கையெழுத்தால் இருந்துகொண்டிருக்கிறேன்.
ஒரு தரம் தவறினால் உதவித்தொகை நிற்கும்.
அங்கே அவன் ஒரு தரம்கூட வந்து
இல்லையென்று கையெழுத்துப் போடவில்லை.
அதனால் காணி இன்னும் அவன் பெயரிலேயே,
அதில் ராணுவம் வைத்த கத்தரி காய்த்து
சந்தைக்குப் போகிறது.

ஆர்.ஐ. சின்ன வயசு. கெட்டவர் இல்லை.
"இறந்துட்டாருன்னே போட்டுடுங்களேண்ணா, முடிஞ்சிடும்."
முடிந்துவிடும் என்பதால்தான் என்று சொல்ல வந்து
சரிங்க சார் என்றேன்.

மாதப்பன் பீடியைச் சுவரில் நசுக்கினார்.
"எங்க கேவுரு கொல்லை எங்க இருக்குது தெரியுமா?
இந்த அளவு பூஜ்யத்துல ஆரம்பிக்குது பாரு,
அதுக்கும் கீழ. வண்டலுக்குள்ள.
எங்கப்பன் போட்ட கேசு,
தருமபுரி கோர்ட்டுல இன்னும் வாய்தா.
பூஜ்யத்துக்குக் கீழ எவன் அளக்கறான்?"

ராத்திரி படிவத்தை விரித்தேன்.
கடைசியாகக் கண்ட இடம்.
அவள் கண்டது ஒரு பச்சை பஸ். ஏறியபிறகு
பிள்ளையின் பால்மா டின்னை ஜன்னலால் நீட்டினானாம்.
நான் கண்டது தொண்ணூறில், பேசாலைக் கரையில்.
எங்கள் படகைத் தள்ளிவிட்டு, முழங்கால் தண்ணீரில் நின்று
காற்சட்டை நுனியைப் பிழிந்துகொண்டிருந்தான்.
பதினாலு வயது.
கோடு ஒன்றுதான் போட்டிருக்கிறார்கள், எழுத.

கீழே அச்சில்:
மேற்குறித்த நபர் எனது
சகோதரராவார் / சகோதரராயிருந்தார்.
பொருந்தாததை வெட்டிவிடவும்.

பேனாவை மூடி வைத்தேன்.

விடிந்ததும் கயிறு. நாற்பத்தைந்து. நாற்பத்துநாலு.
தண்ணீர் வராத உயரங்களையெல்லாம்
ஒவ்வொன்றாகக் கறுப்பாக்கி இறங்குகிறேன்.
மேலிருந்து மாதப்பன் கத்துகிறார்:
"பூஜ்யத்தோட நிறுத்திக்கோ.
அதுக்குக் கீழ போனா
பெயின்ட் கணக்கு உதைக்கும்."